மீன்பெட்டியும் தலைக்கவசமும்

சிலாபத்துக்கு வடக்கே ஏ3 வீதியில் விடிகாலையில் பயணம் செய்தவர்கள் எல்லோரும் இதைக் கண்டிருப்பார்கள். கடற்கரைப் பக்கமிருந்து ஒரு மீன் வியாபாரி சைக்கிளில் ஏறி வருவார். கரியரில் பழைய டியூப் நாடாவால் இறுக்கிக் கட்டிய வெள்ளை ரெஜிபோம் பெட்டி இருக்கும். பெட்டிக்குள் ஐஸ், ஐஸுக்குள் சூடையோ சாளையோ. குண்டும் குழியுமான ஒழுங்கைகளில் குலுங்கிப் போனாலும் மீன் நசுங்காது, ஐஸ் சீக்கிரம் கரையாது. அந்த வேலையைச் செய்வது பெட்டியின் நுரைச் சுவர். உலகெங்கும் விற்கப்படும் சைக்கிள் தலைக்கவசங்களுக்குள் இருப்பதும் அதே வகை நுரைதான். ஆக, அந்தச் சைக்கிளில் மீனுக்குக் கவசம் உண்டு, மீன்காரரின் தலைக்கு இல்லை.

அதே வீதியில் மோட்டார் சைக்கிளில் வெறுந்தலையோடு போனால் பொலிஸார் மறிப்பார்கள். சைக்கிள்காரரை அதற்காக மறிக்க இலங்கையில் சட்டம் கிடையாது. இருக்க வேண்டுமா? சைக்கிள் ஓட்டுபவருக்குத் தலைக்கவசம் அவசியமா? கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் உலகம் இந்தக் கேள்வியோடு நூற்று நாற்பது ஆண்டுகளாக மல்லுக்கட்டி வருகிறது. அந்தக் கதையில் தஞ்சாவூர் நெட்டியும் கம்பஹாவின் இறப்பர் மரமும் வருகின்றன. ‘அரேபியாவின் லோரன்ஸ்’ வருகிறார். ஜேர்மனியின் ஓர் ஆய்வுகூடத்தில் மறந்துபோய் வைத்த சப்பாத்துப் பொலிஷ் டின்னும், கற்பிட்டியில் கோட்டை கட்டிய ஒல்லாந்தரும்கூட வருகிறார்கள்.

தலையைக் காக்கும் வித்தை நமக்குப் புதிதல்ல என்பதிலிருந்து தொடங்கலாம். சைக்கிள் வருவதற்கு முன்னர் மீன் கூடையில் தலைச்சுமையாக ஊருக்குள் போனது. கூடைக்கும் தலைக்கும் நடுவே சும்மாடு இருந்தது. பழைய சேலைத் துண்டை முறுக்கி, வளையமாகச் சுற்றி, உச்சியில் வைத்தால் சும்மாடு. அது பாரத்தில் ஓர் அவுன்ஸைக்கூடக் குறைப்பதில்லை. ஒரே இடத்தில் அழுத்த வேண்டிய பாரத்தைப் பரவலாக்குகிறது, ஒவ்வோர் எட்டிலும் எழும் குலுக்கலைத் தான் வாங்கிக்கொள்கிறது. தலைக்கவசத்தின் பௌதிகவியல் முழுவதும் இந்த இரண்டு வேலைக்குள் அடக்கம். மீன் விற்ற நம் பாட்டிமாருக்கு அது வாய்ப்பாடு இல்லாமலே தெரிந்திருந்தது.

சைக்கிளோட்டிகளுக்கு அது புரியக் கொஞ்சம் அடிபட வேண்டியிருந்தது. 1870களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இளைஞர்கள் ஓட்டிய சைக்கிளுக்கு முன்சக்கரம் ஆள் நெஞ்சளவு உயரம், பின்சக்கரம் தட்டத்தளவு. ஓட்டுபவர் முன்சக்கரத்தின் உச்சியில் உட்கார்ந்திருப்பார். வழியில் ஒரு கல் தடுத்தால் வண்டி நின்றுவிடும், அவர் நிற்கமாட்டார். கைப்பிடிக்கு மேலாகத் தலைகீழாகப் பாய்ந்து தரையில் போய் மோதுவார். இப்படி விழுவது அவ்வளவு சகஜமாக இருந்ததால் அதற்கு ‘ஹெடர்’ என்று தனிப்பெயரே வைத்திருந்தார்கள். சைக்கிள் கழகங்கள் பெருகப் பெருக உடைந்த மண்டைகளும் பெருகின.

தலைக்கு என்ன போடுவது என்று தேடியவர்கள், வெயிலுக்காகச் செய்யப்பட்ட ஒரு தொப்பியைக் கண்டெடுத்தார்கள். வங்காளத்துச் சதுப்பு நிலங்களில் வளரும் சோலா என்ற செடியின் தண்டு, பஞ்சைப் போல வெண்மையாகவும் எடையற்றதாகவும் இருக்கும். அதைத் தகடுகளாகச் சீவி, ஒட்டி, மேலே துணி போர்த்தினால் சோலாத் தொப்பி. காலனி அதிகாரிகளும் இலங்கை மலையகத்துத் தோட்டத்துரைமாரும் பழைய படங்களில் அணிந்திருப்பது அதைத்தான். அந்தச் செடிக்குத் தமிழில் நெட்டி என்று பெயர். தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் பெரிய கோயிலைச் சிறிய உருவமாகச் செதுக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்பார்களே, அந்த வெண்ணிற நெட்டியேதான்.

1880களின் சைக்கிள்காரர்கள் இந்தத் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டார்கள். விழுந்தால் நெட்டி நொறுங்கும். நொறுங்கும்போது அடியின் ஒரு பகுதியைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போகும். அதன்பின் தொப்பி எதற்கும் உதவாது. ‘தான் உடைந்து தலையைக் காப்பது, ஒரே ஒரு தடவை காப்பது’ என்ற தலைக்கவசத்தின் அடிப்படைக் குணம் இப்படித் தற்செயலாகத்தான் உலகுக்கு அறிமுகமானது. அதைத் திட்டமிட்டுச் செய்ய இன்னும் 90 ஆண்டுகள் ஆயின.

அந்தத் தாமதத்துக்குக் காரணம் ஒரு நல்ல செய்தி. 1885இல் கொவென்ட்ரி நகரில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி இரண்டு சக்கரத்தையும் ஒரே அளவாக்கி, சங்கிலி பூட்டி, இருக்கையைத் தரைக்குப் பக்கத்தில் இறக்கினார். இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் மூதாதை அதுதான். அந்த வகைக்கு மக்கள் வைத்த பெயரே ‘பாதுகாப்புச் சைக்கிள்’. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரத்து மிருக வைத்தியர் ஜோன் டன்லொப், மகனுடைய மூன்று சக்கரச் சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டும் என்று காற்றடைத்த டயரைச் செய்தார். உலகுக்கு உடனே மலைமலையாக இறப்பர் தேவைப்பட்டது. அமேசன் காட்டிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுபோன இறப்பர் விதைகள் லண்டனின் கியூ பூங்காவில் முளைத்து, அந்தக் கன்றுகள் 1876ஆம் ஆண்டிலேயே இலங்கைக்கு வந்திருந்தன. அவை நடப்பட்ட இடம் கம்பஹாவின் ஹெனரத்கொட பூங்கா. மகா ஓயாவைத் தாண்டினால் வரும் அது, நம்முடைய புத்தளத்தின் அயல் மாவட்டம். ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களுக்கு அடிவேர்களில் ஒன்று அங்கேதான் ஊன்றியது.

தாழ்ந்த இருக்கையும் காற்று டயரும் வந்ததும் ‘ஹெடர்’ அருகிப்போனது. சோலாத் தொப்பியையும் சைக்கிள்காரர்கள் மறந்துவிட்டார்கள். இதை இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டும். தலைக்கவசத்தின் முதல் அத்தியாயம் சட்டத்தாலோ பிரசாரத்தாலோ முடியவில்லை. ஓர் இயந்திரவியலாளர் வண்டியின் வடிவத்தை மாற்றினார், ஆபத்து குறைந்தது, கவசத்தின் தேவையும் குறைந்தது.

அந்தப் பாதுகாப்புச் சைக்கிள்தான் கப்பலேறி இலங்கைக்கு வந்தது. ராலி, ஹம்பர் போன்ற பிரித்தானியப் பெயர்கள் முதலில் வந்தன. பின்னர் பாணந்துறையின் லுமாலா ஊர் ஊராகப் பரவியது. புத்தளம் கரை சைக்கிளுக்கென்றே விரித்துப் போட்ட நிலம். வென்னப்புவயிலிருந்து கற்பிட்டி முனைவரை மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. தென்னந்தோப்புகளையும் உப்பளங்களையும் களப்போரத்தையும் ஒட்டி வீதி தட்டையாகக் கிடக்கிறது. உடப்பிலும் முந்தலிலும் மதுரங்குளியிலும் மீன் தலையிலிருந்து கரியருக்கு இறங்கியது. சும்மாட்டின் வேலை முடிந்தது. எதையும் சுமக்காத, எதையும் அணியாத தலையோடு மீன் வியாபாரி முதன்முறையாக ஊருக்குள் போனார்.

ஐரோப்பாவில் பந்தயக்காரர்கள் மட்டும் எதையாவது அணிந்துகொண்டிருந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோலையும் கம்பளியையும் வளையமாகத் தைத்துப் போட்டார்கள். பிறகு தோல் பட்டிகளுக்குள் பஞ்சடைத்து, வலைபோலக் கோத்துத் தலையில் கட்டினார்கள். பார்ப்பதற்குக் கொண்டை வலை மாதிரி இருந்ததால் ‘ஹெயார்நெட்’ என்றே பெயர். தரையில் உரசிக்கொண்டு போனால் காது பிய்யாமல் காக்கும். ஓங்கி அடித்தால் அதனால் ஆவது கொஞ்சம். வியர்வையிலும் மழையிலும் ஊறி அழுகியும் போகும். இருந்தும் எழுபது வருடத்துக்கு அதைவிட நல்லது எதையும் யாரும் சைக்கிள்காரருக்குச் செய்து தரவில்லை.

திருப்பம் வேறொரு வண்டியிலிருந்து வந்தது. 1935 மே 13 அன்று இங்கிலாந்தின் டோர்செட் பகுதியில் டி.இ. லோரன்ஸ் தம்முடைய பிரஃப் சுப்பீரியர் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். முதலாம் உலகப் போரில் அரபுக் கிளர்ச்சியோடு நின்று உலகப் புகழ் பெற்றவர். வீதி பள்ளமாக இறங்கும் இடம் ஒன்றில் எதிர்பாராமல் இரண்டு சிறுவர்கள் வந்தார்கள். அவர்கள் வந்ததும் சைக்கிளில்தான். அவர்களை மோதாமல் தப்பிக்க லோரன்ஸ் வண்டியை வெட்டித் திருப்பினார், தூக்கி எறியப்பட்டார். ஆறு நாட்கள் நினைவு திரும்பாமலே கிடந்து 46 வயதில் இறந்தார்.

அவரைப் பார்க்க அழைக்கப்பட்ட வைத்தியர்களில் ஒருவர் ஹியூ கெயின்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர். அவுஸ்திரேலியாவில் பிறந்தவர். அந்த மரணம் அவரை விடவில்லை. இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் இருட்டடிப்புச் செய்த வீதிகளில் இராணுவத் தூதர்கள் மோட்டார் சைக்கிளில் பறந்து விழுந்து செத்துக்கொண்டிருந்தார்கள். 1941இல் கெயின்ஸ் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார். போரின் முதல் 21 மாதங்களில் பிரித்தானிய வீதிகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மோட்டார் சைக்கிளோட்டிகள் இறந்திருந்தார்கள். கவசம் அணிந்திருந்து அடிபட்டவர்களாக அவர் கண்டது 7 பேரை மட்டும். ஏழு பேரும் உயிரோடு இருந்தார்கள். அதே ஆண்டு இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் தூதர்களுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கான சட்டம் பிரித்தானியாவில் 1973இல்தான் வந்தது. இன்று சிலாபம் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் மோட்டார் சைக்கிள்காரர் கவசத்தின் வாரை மாட்டிக்கொள்கிறார் என்றால், அந்தப் பழக்கத்தின் ஒரு முனை அந்த டோர்செட் வீதியில் இருக்கிறது.

கெயின்ஸ் காலத்துக் கவசம் கெட்டியான ஓடும் அதற்குள் தொங்கும் வார்களும்தான். நெட்டி கற்றுத்தந்த பாடத்தை மீட்டவர் கலிபோர்னியாவில் இருந்த ஆய்வாளர் சி.எஃப். லொம்பார்ட். வெளியே விசையைப் பரப்பும் கடின ஓடு, உள்ளே நசுங்கி அடியை விழுங்கும் மெத்தை என்று இரண்டு வேலையையும் பிரித்து வடிவமைத்தார். 1953இல் காப்புரிமை கிடைத்தது. விமானிகளுக்காகத் தொடங்கிய ஆராய்ச்சி அது. 1956இல் பீட் ஸ்னெல் என்ற கார்ப் பந்தயக்காரர் கவசம் அணிந்திருந்தும் தலையில் அடிபட்டு இறந்தார். மறுவருடம் அவருடைய நண்பர்கள் அவர் பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கி, எந்தக் கவசம் உண்மையில் காக்கும் என்று சோதிக்க ஆரம்பித்தார்கள். 1970இல் அந்த நிறுவனம் சைக்கிள் கவசத்துக்கும் ஒரு தரம் வகுத்தது. அதில் தேறக்கூடிய சைக்கிள் கவசம் அப்போது சந்தையில் ஒன்றுகூட இல்லை. பாரம் குறைந்த மோட்டார் சைக்கிள் கவசம்தான் தேறும்.

நசுங்கும் மெத்தைக்கு ஏற்ற பொருள் இன்னொரு மூலையில் பிறந்திருந்தது. ஜேர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். இரசாயன நிறுவனத்தில் ஃபிரிட்ஸ் ஸ்டாஸ்ட்னி என்ற ஆய்வாளர் 1949 அளவில் பொலிஸ்டைரின் மாதிரி ஒன்றைச் சப்பாத்துப் பொலிஷ் டின்னில் ஊற்றிச் சூட்டடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனார். திரும்பி வந்து பார்த்தால் டின்னுக்குள் இருந்த பிசின் நுரைத்து வளர்ந்து, மூடியைத் தலையில் தூக்கிக்கொண்டு நின்றது. கிட்டத்தட்ட நூற்றில் 98 பங்கு காற்றும் மிச்சம் பிளாஸ்டிக்கும் கொண்ட அந்த நுரைதான் இலங்கையில் ரெஜிபோம். மின்விசிறிப் பெட்டிக்குள், தொலைக்காட்சிப் பெட்டியைச் சுற்றி, இறால் ஏற்றுமதிப் பெட்டியில், சிலாபத்து மீன் பெட்டியில் எங்கும் அதுவே.

நெட்டியும் நுரையும் செய்யும் வேலை ஒன்று. இரண்டும் காற்றறைகளால் ஆனவை, இரண்டும் ஒருதரம் நசுங்கி ஓய்ந்துபோகிறவை. கலிபோர்னியாவின் பெல் என்ற ஊரில் கார் உதிரிப்பாகம் விற்று, பந்தயக்காரருக்குக் கவசம் செய்த ஒரு கம்பனி, 1975இல் அந்த நுரையைக் கெட்டி ஓட்டுக்குள் பொருத்தி ‘பெல் பைக்கர்’ என்ற சைக்கிள் கவசத்தை விற்பனைக்கு விட்டது. இன்றைய சைக்கிள் கவசங்களின் கொள்ளுத்தாத்தா அதுதான். உடனே போட்டியாளர்கள் பார்த்துச் செய்தார்கள். 1980களின் நடுவில் ஜிம் ஜென்டிஸ் என்ற வடிவமைப்பாளர், கெட்டி ஓட்டையே கழற்றிவிட்டு நுரைமேல் மெல்லிய துணி போர்த்திப் பாரத்தைப் பாதியாக்கினார். அவர் தொடங்கிய கம்பனிதான் ‘ஜிரோ’.

ஆனாலும் பந்தயக்காரர்கள் மசியவில்லை. அவர்கள் மனம் மாறத் தொடங்கியது பயத்தால் அல்ல, வேகத்தால். 1989 ஜூலை 23, டூர் டி பிரான்ஸ் போட்டியின் கடைசி நாள். வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீற்றர் தனியோட்டம். அமெரிக்கர் கிரெக் லெமொண்ட் 50 வினாடி பின்தங்கியிருந்தார். காற்றைக் கிழிக்கும்படி நீண்ட வாலோடு செய்த கவசத்தை மாட்டிக்கொண்டு ஓட்டினார். முன்னணியில் இருந்த லொரோன் ஃபினியோன் வெறுந்தலை, பின்னால் குடுமி பறந்தது. மூன்று வாரப் போட்டியை லெமொண்ட் 8 வினாடியில் வென்றார். தலைக்கவசம் வேகத்தையும் தரலாம் என்று உலகம் அன்று பார்த்தது.

பாதுகாப்புக்காக அணியச் சொன்னபோது அதே பந்தயக்காரர்கள் மறியல் செய்தார்கள். 1991இல் உலகச் சைக்கிள் சம்மேளனம் கவசத்தைக் கட்டாயமாக்கப் பார்த்தது. பாரிஸ்–நீஸ் போட்டியில் ஓட்டவீரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், விதி பின்வாங்கியது. 1995 ஜூலையில் ஒலிம்பிக் தங்கம் வென்ற இத்தாலியர் ஃபாபியோ கசார்டெல்லி பிரெனீஸ் மலைச் சரிவில் வெறுந்தலையோடு விழுந்து இறந்தார். அப்போதும் விதி வரவில்லை. 2003 மார்ச்சில் கசகஸ்தான் வீரர் அந்திரே கிவிலெவ் விழுந்து, தலைக் காயத்தால் இறந்தார். அவர் இறந்த போட்டி, 12 வருடங்களுக்கு முன் மறியல் நடந்த அதே பாரிஸ்–நீஸ். இரண்டு மாதத்தில் விதி வந்தது. இம்முறை அது நின்றது.

பந்தயக்காரருக்கு விதி சரி. கடைக்குப் போகிறவருக்கு? இங்கேதான் விவாதம் சூடேறுகிறது.

1990 ஜூலை 1 அன்று அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், சைக்கிளில் ஏறும் ஒவ்வொருவருக்கும் தலைக்கவசத்தைச் சட்டமாக்கியது. உலகில் அதுவே முதல் இடம். அறுவை வைத்தியர்கள் ஆண்டுக்கணக்கில் வற்புறுத்தியதன் பலன் அது. அணிவோர் தொகை சுமார் 31 வீதத்திலிருந்து ஒரே ஆண்டில் 75 வீதத்துக்கு ஏறியது. தலைக்காயத்தோடு வைத்தியசாலைக்கு வந்தோர் தொகை வெகுவாக இறங்கியது. 1992க்குள் மற்ற மாநிலங்களும் 1994இல் நியூசிலாந்தும் பின்தொடர்ந்தன.

எதிர்ப்பாளர்கள் வேறொரு எண்ணிக்கையைக் காட்டினார்கள். வீதியோரம் நின்று எண்ணியபோது சைக்கிளோட்டிகளே குறைந்திருந்தார்கள், குறிப்பாகப் பள்ளி மாணவர்கள். புள்ளிவிபரவியலாளர் டோரதி ரொபின்சன் கேட்ட கேள்வி எளிமையானது. காயம் குறைந்தது கவசத்தாலா, சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டதாலா? சைக்கிளை விட்டவர்கள் உடற்பயிற்சியையும் விட்டார்கள் என்றால், அந்த நட்டத்தை யார் கணக்கில் எழுதுவது?

கவசத்தின் பக்கம் நின்றவர்களிடமும் ஒரு பெரிய எண் இருந்தது. 1989இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர ஆய்வொன்று, கவசம் தலைக்காயத்தை 85 வீதம் குறைக்கிறது என்றது. அந்த எண் உலகம் சுற்றியது. கவசம் அணிபவர்கள் இயல்பிலேயே நிதானமாக ஓட்டுபவர்களாக இருக்கலாமே என்று சந்தேகித்தவர்கள், அது மிகை என்றார்கள். 2016இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 40 ஆய்வுகளை, அவற்றில் அடிபட்ட 64,000க்கும் மேற்பட்டோரைச் சேர்த்துப் பார்த்தார்கள். விழுந்தவர்களில் கவசம் அணிந்திருந்தோருக்குத் தலைக்காயம் ஏறத்தாழ பாதியாகவும், கடும் தலைக்காயம் 69 வீதமும் குறைந்திருந்தது. 85 இல்லைதான். ஆனால் பாதி என்பதும் பெரிது. ஒரு வகுப்பில் பத்துப் பிள்ளைகளுக்கு மண்டை உடைய வேண்டிய இடத்தில் ஐந்து பேர் தப்பினால், அந்த ஐந்து தாய்மாரிடம் போய் எண் சிறியது என்று சொல்ல முடியாது.

இன்னொரு விசித்திரமான ஆய்வும் உண்டு. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்து உளவியலாளர் இயன் வோக்கர், சைக்கிளில் ஓர் அளவுமானியைப் பொருத்திக்கொண்டு, தம்மை முந்திச் சென்ற சுமார் 2,500 வாகனங்கள் விட்ட இடைவெளியை அளந்தார். 2007இல் வெளியான முடிவின்படி, அவர் கவசம் அணிந்திருந்தபோது வாகனங்கள் சராசரியாக 8.5 சென்றிமீற்றர் நெருங்கி வந்தன. பெண்களைப் போல நீண்ட பொய்முடி வைத்துக்கொண்டு ஓட்டியபோது விலகிப் போயின. ஆய்வின்போது ஒரு பஸ்ஸும் ஒரு லொறியும் அவரை இடித்தன, இரண்டு முறையும் கவசம் அணிந்திருந்தார். அவருடைய தரவை 2013இல் மறுபடி ஆராய்ந்தவர்கள், அந்த நெருக்கம் ஆபத்தான அளவு அல்ல என்று மறுத்தார்கள். முடிவு எதுவானாலும், சைக்கிள்காரரின் உயிர் அவர் தலையில் என்ன இருக்கிறது என்பதோடு பின்னால் வருபவரின் கண்ணில் என்ன படுகிறது என்பதிலும் தங்கியிருக்கிறது என்பதை வோக்கர் உரக்கச் சொல்லிவிட்டார்.

சட்டம் போட்ட சில இடங்கள் அதைத் திரும்பப் பெற்றன. மெக்சிகோ நகரம் வாடகைச் சைக்கிள் திட்டம் தொடங்கிய 2010இல் நீக்கியது. சியாட்டில் இருக்கும் கிங் கவுண்டி 2022 பெப்ரவரியில் நீக்கியது. 85 வீதம் என்ற எண் பிறந்த அதே ஊர். காரணம், தண்டச்சீட்டு யாருக்குப் போனது என்று பார்த்ததில் வீடற்றவர்களும் கறுப்பினத்தவரும் தங்கள் தொகைக்கு மிஞ்சி மாட்டியிருந்தார்கள். நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இது புரியும். லைட் இல்லாமல் ஓடியதற்கும் ‘டபிள்ஸ்’ போனதற்கும் பொலிஸில் தண்டம் கட்டிய கதை பல வீடுகளில் உண்டு. கட்டியவர்களில் கார் வைத்திருந்தவர் எவரும் இல்லை.

கவசமும் இல்லாமல் சட்டமும் இல்லாமல் நாடே சைக்கிளில் போகும் இடம் ஒன்று உண்டு. அந்த நாட்டவர்களை இந்தக் கரைக்கு நன்றாகவே தெரியும். 17ஆம் நூற்றாண்டில் கற்பிட்டியில் களப்பின் வாயைக் காவல்காக்கக் கோட்டை கட்டினார்கள். நீர்கொழும்பிலிருந்து புத்தளம் பக்கம் நீளும் வாய்க்காலும் அவர்கள் பெயரோடுதான் இன்றும் கிடக்கிறது. ஒல்லாந்தர்.

அவர்களுடைய நெதர்லாந்தும் ஒரு காலத்தில் சைக்கிளைக் காருக்குப் பலிகொடுக்கப் பார்த்தது. 1971இல் அங்கே வீதி விபத்தில் இறந்தவர்கள் சுமார் 3,300 பேர். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். மகளை விபத்தில் பறிகொடுத்த பத்திரிகையாளர் ஒருவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலிருந்து ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்ற இயக்கம் எழுந்தது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் காருக்குத் தடை. வெறிச்சோடிய வீதிகளில் மக்கள் சைக்கிளோடு இறங்கினார்கள். அந்த நாடு கவசம் வாங்கச் சொல்லவில்லை, பாதை போட்டது. காரிலிருந்து பிரித்து, சைக்கிளுக்கென்று தனிப் பாதை.

2022இல் நமக்கும் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெட்ரோல் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நீண்டபோது, மூலையில் சாத்திவைத்த சைக்கிள்களைத் துடைத்து எண்ணெய் விட்டோம். ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் ஏறினார்கள். பெட்ரோல் திரும்பியது, சைக்கிள் மறுபடி மூலைக்குப் போனது, வீதியின் விளிம்பு பழையபடியே இருக்கிறது. ஒல்லாந்தர் வெட்டிய வாய்க்கால் எங்களிடம் இருக்கிறது. ஒல்லாந்தரின் சைக்கிள் பாதை மட்டும் வந்து சேரவில்லை.

ஆனால் நெதர்லாந்தின் கதையை அரைகுறையாகச் சொல்லி, கவசம் வேண்டாம் என்று முடிப்பது நேர்மையல்ல. அங்கே 2022இல் மட்டும் 291 சைக்கிளோட்டிகள் இறந்தார்கள். வயதானவர்கள் மின்சைக்கிளில் வேகமாகப் போகத் தொடங்கிய பின்னர் அந்நாட்டு வைத்தியர்களே கவசம் அணியுங்கள் என்று கேட்கிறார்கள். நல்ல பாதை மோதலைத் தடுக்கும். தானாகச் சறுக்கி விழுவதைத் தடுக்காது.

இந்த வேறுபாட்டில்தான் நூற்று நாற்பது வருட விவாதத்தின் முடிச்சு இருக்கிறது. ஐரோப்பியத் தரத்தின்படி சைக்கிள் கவசத்தை ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து போட்டுச் சோதிக்கிறார்கள். அமெரிக்கத் தரத்தில் இரண்டு மீற்றர். மோதும்போது வேகம் மணிக்கு 20 கிலோமீற்றர் அளவு. அதாவது, சைக்கிளில் இருப்பவர் தானாகத் தரையில் விழும் வேகம். விளிம்பு மணலில் சக்கரம் வழுக்குகிறது, நாய் குறுக்கே ஓடுகிறது, மழைநீருக்கடியில் குழி தெரியவில்லை, தார் வீதிக்கும் மண் ஓரத்துக்கும் நடுவே உள்ள படியில் டயர் சறுக்குகிறது. இந்த விழுகைகளில் இரண்டு மூன்று சென்றிமீற்றர் நுரை, தலை நிற்கும் நேரத்தைச் சில மில்லிவினாடி நீட்டிக் கொடுக்கும். மண்டை உடைவதற்கும் தலைவலியோடு எழுந்து நடப்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்தச் சில மில்லிவினாடிதான். ஆனால் மணிக்கு 70 கிலோமீற்றரில் வரும் டிப்பரை நிறுத்த எந்த நுரையாலும் ஆகாது.

ஆகவே ஒன்றாகக் கட்டிவைத்த இரண்டு கேள்விகளை அவிழ்க்க வேண்டும். அணிவது நல்லதா என்பது தலையின் கேள்வி. அணியாதவரைத் தண்டிக்கலாமா என்பது அரசின் கேள்வி. முதல் கேள்விக்கு என் பதில் ஐயமில்லாத ஆம். இரண்டாவதற்கு, இன்றைய நிலையில் இல்லை. இலங்கை வீதிகளில் வருடத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். அந்தப் பொறுப்பின் பெரும்பங்கு வேகத்துக்கும் முந்தலுக்கும் விளிம்பில்லாத வீதிக்கும் உரியது. அதைச் சீர்செய்யாமல், வீடு வீடாக மீன் விற்கும் மனிதரை மறித்துத் தண்டச்சீட்டு எழுதுவது நியாயமாகாது. 1885இல் வண்டியை மாற்றியதால் தலை பிழைத்தது, 1973க்குப் பின் நெதர்லாந்தில் வீதியை மாற்றியதால் தலை பிழைத்தது. ஏ3 வீதியில் பாடசாலை இருக்கும் இடங்களிலாவது சைக்கிளுக்கு ஒரு கெட்டியான, பிரித்த ஓரம் வேண்டும். அதைப் பிரதேச சபையிடமும் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும் எழுத்தில் கேட்பது நம் கடமை.

அது வரும்வரை தலையைக் காத்திருக்க வைக்க வேண்டாம். பிள்ளைக்கு முதலில் வாங்குங்கள். மோட்டார் சைக்கிள் கவசத்தைப் பிள்ளையின் கழுத்தில் ஏற்றாதீர்கள், சைக்கிளுக்கென்று செய்த பாரமற்றதை வாங்குங்கள். உள்ளே அழுத்தமான நுரை இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். வெறும் பிளாஸ்டிக் ஓடும் பஞ்சும் என்றால் கடையிலேயே வைத்துவிடுங்கள். கவசம் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் நேராக இருக்க வேண்டும், பின்பக்கம் சரியக்கூடாது. நாடிக்குக் கீழே வார் இறுக்கமாக இருக்க வேண்டும். ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை, வெடிப்புத் தெரியாவிட்டாலும், மறுபடி அணியாதீர்கள். நெட்டியைப் போல அது தன் ஒரே வேலையைச் செய்து முடித்துவிட்டது.

காலையில் பெட்டியின் நாடாவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மீன் வியாபாரி சைக்கிளில் ஏறுகிறார். பிள்ளை பாடசாலைக்குப் புறப்படும்போது அதே கவனத்தோடு கவச வாரை நீங்கள் இழுத்துப் பார்த்து அனுப்புங்கள்.